அக்கா செத்ததை மறைத்துக் காட்டிய டோக்கியோ

யப்பான் எப்படி என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக் தமிழ்க்கடையில் மரவள்ளிக்கிழங்கு தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது கேட்கிறார்கள், கலியாணப் பந்தியில் பக்கத்தில் இருந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு கேட்கிறார்கள். "நல்ல துப்புரவான நாடாம், என்ன?" என்பார்கள். ஓம், நல்ல துப்புரவு என்று சொல்லிவிட்டு என் அலுவலைப் பார்ப்பேன். கேட்கிறவர்களில் பாதிப்பேர் அந்த ஏழு நாளும் எனக்கு ஒரு சொல் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பதில் காணும், அதுவே அதிகம்.

நடந்தது இதுதான். என் அக்கா ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஒஸ்லோ ஆஸ்பத்திரி ஒன்றில் செத்துப்போனாள். நான் அப்போது டோக்கியோவில் என் கணவரோடு பழைய தெருக்களை நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அன்றைக்கே தெரியும். ஒஸ்லோவில் இருந்த என் மகளுக்குத் தெரியும். புருசெத்திலும் லோறென்ஸ்கூக்கிலும் எங்களைத் தெரிந்த அத்தனை வீடுகளுக்கும் தெரியும். எனக்கு மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமைதான் தெரியவந்தது. அதுவும் ஒருத்தரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். அந்தப் பயணத்தின் படங்கள் கணவரின் கைபேசியில் இன்னும் கிடக்கின்றன. அக்கா செத்த பிறகு எடுத்தவற்றில்தான் நான் கூடுதலாகச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் முதல் கேள்வி ஆர் வீட்டுக்கு என்பதுதான். ரொறன்ரோ என்றால் மச்சாள் வீடு, லண்டன் என்றால் சித்தப்பா வீடு, பாரிஸ் என்றால் யாரோ ஒருவரின் கலியாணவீடு. சூட்கேசில் பாதி மிளகாய்த்தூள், பாதி சேலை. போய் இறங்கி அந்த வீட்டுச் சோபாவில் இருந்து ஊர்க்கதை கதைத்துவிட்டு, அவர்கள் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டுகிற கோயிலையும் நகைக்கடையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். ஒரு தெருவைத் தெருவுக்காகவே நடந்து பார்த்தது என் வாழ்க்கையில் இல்லை. ஒஸ்லோவுக்குள்ளேயே பழைய மரவீடுகள் நிரை நிரையாக நிற்கிற தெருக்கள் உண்டு, என்னோடு வேலை செய்கிற நொர்வேஜியப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடக்கப் போவார்கள். நான் அந்த வழியால் முப்பது வருஷமாகப் பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன். ஒருநாளும் இறங்கியதில்லை.

அதனால்தான் என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் டிக்கெட்டை நீட்டியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் அம்மா. இந்தமுறை ஒருத்தற்றை வீட்டையும் போகாமல் நடந்து திரிஞ்சிட்டு வாங்கோ" என்றாள். அவள் முன்னமே ஒருதரம் போய்வந்தவள். ஒரு தாளில் இடங்களை எழுதித் தந்தாள்: ககுராசாக்கா, நெசு, யனாக்கா. உயரக் கட்டடம் ஒன்றும் பார்க்கவேண்டாம், சண்டைக்காலத்துக் குண்டுக்கும் நெருப்புக்கும் தப்பி நிற்கிற சந்துகள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள் என்றாள்.

அக்கா அப்போதே வருத்தக்காரி. ஈரலில் புற்று. புருசெத்தில் நாலாம் மாடியில் மகளோடு இருந்தாள். அத்தான் செத்துப் பல வருஷம். நான் முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். சாகக்கிடக்கிறவர்களுக்குப் பக்கத்தில் கையைப் பிடித்தபடி இருப்பதற்கென்றே அங்கே ஓர் ஆளைப் போடுவார்கள், யாரும் தனியே போகக்கூடாது என்று. அந்த வேலைக்கு என்னைத்தான் கூடுதலாகக் கூப்பிடுவார்கள். எத்தனையோ நொர்வேஜியக் கிழவர் கிழவிகளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் அக்காவைப் பார்த்து, கோடை முடியும்வரை இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பிழைத்துவிட்டது. அந்தப் பிழை என்னுடையது, அதற்கு நான் யாரையும் நோகவில்லை.

போகட்டுமா என்று அவளிடம்தான் கேட்டேன். "போட்டு வா. நான் எங்கை ஓடப்போறன்" என்றாள். "அங்கை இப்ப பூப் பூத்திருக்குமாம். படம் எடுத்து அனுப்பு. உன்ரை மூஞ்சியை முன்னுக்கு வைச்சு மறைக்காமல் எடு."

ஏப்ரல் மாதம். ஒஸ்லோவில் பனி உருகி, குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளைக்கல் தெருவெல்லாம் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை டோக்கியோவில் போய் இறங்கினோம். அங்கே என் கைபேசியைத் திறந்தால் பில் எகிறும் என்று கணவர் அதை மூடிவைத்துவிட்டார். ஹோட்டல் இணையமும் ஓர் ஆளுக்குத்தான் வேலைசெய்யும் என்றார். எங்கள் வீட்டில் இந்த விஷயங்களெல்லாம் அவரும் மகளும் பார்ப்பதுதான் வழக்கம், நானும் அக்கறைப்படவில்லை. அவருடைய கைபேசி ஒன்று காணும்தானே என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதிலேதான் அக்காவோடு கதைத்தேன். "என்ன, அங்கையும் சோறுதானோ?" என்று கேட்டாள். சோறுதான், ஆனால் குழம்பு இல்லாமல் வெறும் சோறு என்றேன். முழங்கால் நோகிறது என்றேன். ஹோட்டல் கக்கூசில் இருந்தால் அது அடியில் சுடுகிறது, முதல்நாள் பயந்து எழும்பிவிட்டேன் என்று சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். "களைக்குது, வைக்கப்போறன்" என்றாள். "சரி, வை" என்றேன். என் அக்காவிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான்.

அன்றிரவே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். புதன்கிழமை காலை பெறாமகள், அதுதான் அக்காவின் மகள், என் கணவரைக் கூப்பிட்டு அம்மா தப்பமாட்டா என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் அப்போது ககுராசாக்காவில் ஒரு சந்துக்குள் நின்றோம். நிலத்தில் விசிறிபோலக் கல் பதித்த ஒடுக்கமான சந்து, இரண்டு பக்கமும் கறுத்த மரவேலி, ஓர் ஆள் எதிரே வந்தால் நாம் சுவரோடு ஒட்டவேண்டும். ஒரு சந்து முடிந்தது என்று பார்த்தால் நாலு படி இறங்கி இன்னொன்று தொடங்கும். நான் சின்னப்பிள்ளைபோல இந்தப் பக்கம் போவோம், அந்தப் பக்கம் போவோம் என்று இழுத்துக்கொண்டு போனேன். அவர் பின்னால் நின்று போனில் கதைத்துவிட்டு வந்தார். ஆர் என்று கேட்டதற்கு, வேலையிடத்தில் இருந்து, பஸ் ஓட்ட ஆள் காணாதாம் என்றார். அவர் பஸ் ஓட்டுகிறவர். விடுமுறையிலும் அப்படிக் கூப்பிடுவார்கள்தான். நான் நம்பினேன்.

அன்றைக்கு எனக்குச் சொல்லியிருந்தால் வியாழன் இரவுக்குள் நான் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன்.

வெள்ளிக்கிழமை நெசுவில் மத்தியானம் நூடில்ஸ் கடை ஒன்றில் இருந்தோம். பெரிய கிண்ணம், நான் பாதியும் குடித்திருக்கமாட்டேன், அவருடைய போன் அடித்தது. எழும்பி வெளியே போனார். அந்தக் கடைகளில் வாசலில் துணி தொங்கவிட்டிருப்பார்கள், தலை மறையும், கால் தெரியும். துணிக்குக் கீழே அவருடைய கால்கள் இரண்டும் அசையாமல் நின்றதைப் பார்த்தபடி நான் சாப்பிட்டேன். உள்ளே வந்து, பசியில்லை, நீ சாப்பிடு என்று தன்னுடைய கிண்ணத்தையும் என் பக்கம் தள்ளினார். அதில் கிடந்த முட்டையையும் நான் எடுத்துத் தின்றேன். அக்கா செத்து அப்போது அரைமணித்தியாலம்.

சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த பழைய கோயிலுக்குப் போனோம். மேட்டில் சின்னச் சின்னச் சிவப்பு வாசல்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, குனிந்து குனிந்து போகவேண்டும். எந்தச் சாமி என்று தெரியாது, சாமி சாமிதானே என்று கும்பிட்டேன். அக்காவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக் கும்பிட்டேன். அங்கே தாயத்து மாதிரி ஒன்று, சின்னப் பட்டுப்பையில் முடிந்து விற்கிறார்கள். நோய் மாறுவதற்கு எது என்று விற்கிற பெண்ணிடம் கையால் காட்டிக் கேட்டு, பச்சை நிறத்தில் ஒன்று எடுத்தேன். "இது அக்காவுக்கு. சுகம் வந்திடும்" என்றேன். அந்த மனிசன் காசை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷம் என்னோடு வாழ்ந்தவர். செத்த ஆளுக்குத் தாயத்து வாங்க விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் என்னை வைத்துப் பார்த்த மாதிரி ஒருநாளும் பார்த்ததில்லை. எப்போதும் பத்தடி முன்னால் நடக்கிற ஆள், இப்போது பக்கத்தில் நடந்தார். கலியாணம் முடித்த புதிதில் "நீர்" என்று கதைத்தவர், பிறகு அது "நீ"யாகிவிட்டது. திரும்பவும் "நீர்" வந்தது. "உமக்குக் கால் நோகுதோ? இருப்பமோ?" என்பார். ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். கடைசிகாலத்தில் என்றாலும் மனிசன் திருந்திவிட்டான் என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். மடைச்சி.

அந்தத் தெருக்கள் எனக்குப் பிடித்துப்போனதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அங்கே வீட்டுக்கு முற்றம் என்று ஒன்று இல்லை. தெருவே முற்றம். வாசற்படியோரம் பூச்சட்டிகளை வரிசையாக அடுக்கி, உடைந்த வாளியிலும் பழைய மீன்பெட்டியிலும்கூடச் செடி நட்டிருப்பார்கள். ஒரு கிழவி ஒவ்வொரு நாள் காலையும் தன் வீட்டு வாசலோடு பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துக் கூட்டுவாள். சைக்கிளில் ஒருவர் சோயாக்கட்டி விற்றுக்கொண்டு போவார். ஆட்கள் மெல்லக் கதைப்பார்கள், வீட்டுக்குள் கோப்பை கழுவுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். நான் நின்று நின்று பார்த்தேன். பூச்சட்டிகளைப் படம் எடுக்கச் சொல்லி, இதை அக்காவுக்கு அனுப்புங்கோ என்பேன்.

"அனுப்பியாச்சு" என்பார்.

"பாத்திட்டாவோ?"

"ரெண்டு நீலக்கோடும் விழுந்திட்டுது."

"ஏன் ஒண்டும் எழுதேல்லை?"

"களைப்பாக்கும். கொக்கா நித்திரை எண்டு மகள் சொன்னவள்." உன் அக்கா என்பதை எங்கள் பக்கத்தில் கொக்கா என்பார்கள். கூப்பிட்டுக் கதைப்போம் என்றால், இப்ப அங்கை விடியப்புறம் என்பார், இல்லாவிட்டால் இப்ப நேர்ஸ்மார் வந்து நிற்கிற நேரம் என்பார். ஒரு பொய்க்கும் அவர் தடுமாறவில்லை. அவருக்கு இவ்வளவு பொய் வரும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளி யனாக்காவுக்குப் போனோம். தாளில் மகள் இரண்டு கோடு போட்டிருந்த இடம் அது. முதலில் பெரிய இடுகாடு ஒன்றின் ஊடாக நடக்கவேண்டும், இரண்டு பக்கமும் பூமரம். பூக்காலம் முடிகிற நேரம், காற்று வந்தால் இதழ்கள் எங்கள் மேலெல்லாம் கொட்டின. பிறகு கோயில்களும் வீடுகளும் கலந்து கிடக்கிற சந்துகள். ஒரு முடக்கில் இரண்டு வழிக்கு நடுவில் மகாப் பெரிய மரம் ஒன்று, அதன் அடியில் ஒட்டினாற்போல ஒரு சின்னக் கடை. எனக்குத் தண்ணீர் விடாய்த்தது. பழைய வீடொன்றைத் தேநீர்க்கடையாக்கி வைத்திருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறிப் பாயில் இருந்தோம்.

அவர் கக்கூசுக்குப் போனார். மேசையில் ஒரு மரத்துண்டில் கடையின் வைபை இலக்கம் எழுதியிருந்தது. முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு நாளும் இதைத்தானே செய்கிறேன், எனக்கு ஏன் தெரியாது என்று என் கைபேசியைப் பையிலிருந்து எடுத்துத் திறந்து இலக்கத்தை அடித்தேன். உடனே இணையம் பிடித்தது. டிங் டிங் என்று செய்திகள் விழத் தொடங்கின. முதலில் கேட்டது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல். அவள் சென்னையைச் சேர்ந்தவள், கணினி வேலைக்கு வந்த குடும்பம். ஊருக்குப் போய்விட்டு முதல்நாள்தான் திரும்பியிருந்தாள், அதனால் அவளுடைய வாயைக் கட்ட யாருக்கும் நினைவு வரவில்லை.

"அக்கா, இப்பதான் கேள்விப்பட்டேன், ரொம்ப ஷாக்கா இருக்கு. உங்க சிஸ்டர் தவறி ஒரு வாரம் ஆச்சாமே. இன்னைக்குப் பதினோரு மணிக்கு பியூனரல்னு எதிர்வீட்டுல சொன்னாங்க. நீங்க நியூஸ் கேட்டதும் ட்ரிப்பை கட் பண்ணிட்டு ஓடி வந்திருப்பீங்க. நான் நேரா அங்கேயே வந்து உங்களைப் பாக்கறேன் அக்கா."

இரண்டாம் தரமும் போட்டுக் கேட்டேன். கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் இருந்தார்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"என்ன எப்ப?"

"அக்கா எப்ப செத்தவ?"

என் கையில் போனைக் கண்டார். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, "போன வெள்ளி" என்றார்.

நான் எழும்பி வாசலுக்கு வந்தேன். படியில் இருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டப் பார்த்தால் விரல் ஓடவில்லை. அவர் குனிந்து கட்ட வந்தார். காலால் அவருடைய கையைத் தட்டிவிட்டேன். கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டு நின்றாள், பார்க்கட்டும் என்று விட்டேன். கயிறு தொங்கத் தொங்க வெளியே நடந்தேன்.

கூரை ஓடுகளையும் மண்ணையும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய பழைய மதில் ஒன்று அந்தச் சந்தில் நீளத்துக்கு ஓடுகிறது. அதில் சாய்ந்து நின்றேன். அவர் பின்னால் வந்து சேர்ந்தார்.

"எல்லாருமாச் சேர்ந்துதான் முடிவெடுத்தது. நான் மட்டும் இல்லை" என்றார்.

"ஆர் எல்லாரும்?"

"பிள்ளையள். கோயில் சபையிலை இருக்கிற பெரியாக்கள். சொன்னா நீ பிளேனிலை வழிமுழுக்க அழுதுகொண்டு... வந்தும் என்ன, ஆள் போயிட்டுதுதானே. இவ்வளவு வருசத்திலை ஒருக்காத்தானே வெளிக்கிட்டனாங்கள்."

"நான் முகம் பாத்திருப்பன். வாய்க்கரிசி போட்டிருப்பன்."

"ஊரிலை எண்டா அடுத்த நாளே எடுத்திருப்பினம்..."

"இது ஊரோ? போன வெள்ளி செத்தவளை இண்டைக்குத்தானே எரிக்கினம். ஏழு நாள் அவளைக் குளிர்ப்பெட்டிக்குள்ளை வைச்சிருந்திருக்கிறியள். நான் ரெண்டு தரம் வந்து போயிருக்கலாம்."

அவர் விரலை மடக்கி நாட்களை எண்ணிப் பார்த்தார். உண்மையில் அவர்கள் யாரும் அதை யோசிக்கவேயில்லை என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். ஊரில் செத்தவரை மறுநாள் பொழுதுபடமுன் எடுத்துவிடுவார்கள், தூரத்தில் இருக்கிறவர் வந்து சேரமுடியாது, அதனால் சொல்லாமல் விடுவார்கள். அதில் ஒரு ஞாயம் இருந்தது. இங்கே ஒஸ்லோவில் மண்டபம் கிடைத்து, எரிக்கிற இடத்தில் முறை கிடைக்க ஒரு கிழமை போகும். இந்த நாட்டில் வரி கட்டப் பழகினார்கள், பனிக்கு டயர் மாற்றப் பழகினார்கள், சாவு என்று வந்ததும் எல்லாருடைய மூளையும் ஒரே நாளில் ஊருக்கு ஓடிவிட்டது. என்னுடைய அக்காவை அந்த மடத்தனத்துக்குப் பறிகொடுத்தேன்.

பிறகு அவர் சொல்லக்கூடாததைச் சொன்னார். "நீயும் அப்பிடித்தானே செய்தனீ? கொப்பர் செத்தேக்கை கொக்காவுக்குச் சொன்னனியோ?"

சொல்லவில்லைத்தான். அப்பா ஊரில் செத்தபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. அக்கா எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. புருசெத்தில் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டி, அக்காவுக்குத் தெரியவேண்டாம் என்று எல்லாருடைய வாயையும் கட்டியவள் நான்தான். பிள்ளை பிறந்து, துடக்குக் கழித்த பிறகுதான் சொன்னேன். அக்கா அழவில்லை. "நீ எத்தினை நாள் என்னட்டை வந்து சிரிச்சுக் கதைச்சனீ?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு மாசக்கணக்கில் எனக்குக் கதவு திறக்கவில்லை. என்ன பெரிய விஷயம், நன்மைக்குத்தானே செய்தேன் என்று நான் அவள்மேல் கோபப்பட்டுத் திரிந்தேன். அவளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அந்த மதிலில் சாய்ந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஒஸ்லோவில் பதினொரு மணி என்றால் அங்கே பின்னேரம் ஆறு. யனாக்காவில் கடைத்தெருவுக்கு இறங்குகிற அகலமான படிக்கட்டு ஒன்று உண்டு, பொழுதுபடுவதைப் பார்க்க ஆட்கள் வந்து குந்துகிற இடம். வேறு எங்கே போவது என்று தெரியாமல் அதில் போய் இருந்தோம். செத்தவீட்டை யாரோ இணையத்தில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கணவரின் கைபேசியை வாங்கி, இரண்டு காதுக்கும் நானே மாட்டிக்கொண்டேன்.

அக்காவுக்கு அரக்குப் பட்டு உடுத்திப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். முகம் சிறுத்துக் கறுத்துப்போயிருந்தது. ஐயர் அவசரப்படுத்தினார். பெண்கள் வரிசையில் வந்து வாய்க்கரிசி போட்டார்கள், என் மகளும் போட்டாள், லோறென்ஸ்கூக்கில் எனக்கு முகம் மட்டும் தெரிந்த பெண்களும் போட்டார்கள். "தங்கச்சி வெளிநாட்டிலை நிக்கிறா" என்று யாரோ யாருக்கோ சொல்வது கேட்டது. வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு, நான் வேண்டுமென்று வராமல் நின்ற மாதிரி.

அந்த நேரம் ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்து, சூரியனோடு தங்களைப் படம் எடுத்துத் தரமுடியுமா என்று என் கணவரைக் கேட்டார்கள். அவர் எழும்பிப்போய் எடுத்துக் கொடுத்தார். இன்னொன்று என்றார்கள், அதையும் எடுத்தார். நான் திரும்பவும் திரையைப் பார்த்தேன். படம் நின்று, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி வந்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள்.

ஞாயிறு ஒஸ்லோ வந்தோம். மகள் விமானநிலையத்தில் அழுதுகொண்டு நின்றாள். அவளோடு நான் காரில் கதைக்கவில்லை. திங்கட்கிழமை தனியே பஸ் எடுத்துப் புருசெத்துக்குப் போனேன். வீடு நிறைய ஆட்கள். "நீங்கள் சந்தோசமாத் திரியிற நேரம் ஏன் குழப்புவான் எண்டுதான்" என்றார் ஒருவர். "நாங்கள் எல்லாம் சொல்லவேண்டாம் எண்டுதான் நிண்டனாங்கள்" என்று ஏதோ உபகாரம் செய்தமாதிரி இன்னொருவர். ஓம், ஓம் என்றேன். கத்துவதற்கு வந்தவள்தான், அக்காவின் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் கத்தவில்லை.

ஆட்கள் போன பிறகு பெறாமகள் என்னை அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கட்டிலில் இருத்தினாள். பாவம், கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, நீங்கள் வரேல்லை எண்டு அம்மா ஏங்கிப் போகேல்லை. அதை யோசியாதேங்கோ" என்றாள். "ஆஸ்பத்திரியிலை புதன்கிழமை தொடக்கம் தங்கச்சி எங்கை, தங்கச்சி எங்கை எண்டுதான் கேட்டவ. நாங்கள் அவவை ஏங்க விடேல்லை. சித்தி வெளிக்கிட்டிட்டா, வந்துகொண்டிருக்கிறா எண்டு சொன்னம். வியாழன் பின்னேரம் திருப்பிக் கேட்டவ. இறங்கிட்டா, இப்ப ஏர்போர்ட்டிலை நிக்கிறா எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அம்மா ஒண்டும் கேக்கேல்லை."

"பிறகு எவ்வளவு நேரம் இருந்தவ?"

"விடிய அஞ்சு மணி மட்டும்."

"நினைவோடையோ?"

"ஓம் சித்தி, கடைசி மட்டும் நல்ல நினைவு. கதவு தெரியிற மாதிரிக் கட்டிலைத் திருப்பிவிடச் சொன்னவ."

அவள் அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். விமானநிலையத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. அக்காவுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். வியாழன் பின்னேரம் வந்து இறங்கிய தங்கச்சி வெள்ளி விடியும்வரை தன்னை எட்டிப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அவள் போயிருக்கிறாள். அது அப்படியில்லை என்று இனி அவளுக்கு யார் சொல்வது.